நாலு தடவை மணி

சாவியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு எட்டு வைக்காமல் மகன் திரும்பிப் போனதைப் போன வாரம் படித்துவிட்டுப் பலர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். 'பெற்ற அப்பா கை கால் விழுந்து கிடக்கும்போது அப்படி என்ன வீம்பு?' என்று ஒரு வாசகி கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் வீம்பு அந்தக் குடும்பத்துச் சொத்து. அப்பா சம்பாதித்து வைத்தார், மகன் அனுபவிக்கிறான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பெயிண்டர்'தான். முப்பத்தைந்து வருடம் சொந்தப் பட்டறை வைத்திருந்தார். மகன் பதினோரு வருடம் அவரிடமே வேலை செய்தான். இரண்டு வருடங்களுக்கு முன், மகன் தனியாக அடித்த ஒரு காரை வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்து, "பளபளப்பு பத்தலையே" என்றார். பெயிண்டர் பரணிலிருந்து மெழுகு டப்பாவை எடுத்தார். மகனும் வாடிக்கையாளரும் பார்த்துக்கொண்டிருக்க, மகன் அடித்த பெயிண்டின்மேல் தானே தேய்க்க ஆரம்பித்தார்.

அவருக்கு அது வியாபாரம். வந்தவரைச் சிரித்த முகத்தோடு அனுப்ப வேண்டும். மகனுக்கு அது செருப்படி. கையிலிருந்த ஸ்பிரே கன்னை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவன் பட்டறைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை.

நாலு மாதத்துக்கு முன் பெயிண்டருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின.

அதற்கப்புறம்தான் மகன் அம்மாவிடம் கேட்டு, பட்டறை மூலையில் இருபது வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்த அப்பாவின் பழைய காரை இழுத்துக்கொண்டு போனான். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். பெயிண்டர் வீட்டுக் காருக்கும் அதே கதிதான். உருண்டை மூக்கும் பெரிய வட்ட விளக்குகளும் கொண்ட அந்தக் காலத்து வண்டி. "ஒரு நாள் இதுக்குக் கரும்பச்சை அடிக்கணும்" என்று பெயிண்டர் சொல்லிச் சொல்லியே இருபது வருடம் ஓட்டிவிட்டார். மகன் வேறொருவர் பட்டறையில் இடம் கேட்டு, அந்தக் கரும்பச்சையையே அடித்து முடித்தான். அடித்து இன்றோடு ஒன்பது நாள். கார் வீடு வந்து மூன்று நாள்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வரேம்மா. அப்பாவை உக்கார வச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

*

பெயிண்டர் காலை ஆறு மணிக்கே ஜன்னலோரம் வந்துவிட்டார். வந்துவிட்டார் என்றால், மனைவி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து விட்டாள். ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் கார் நின்றது.

மூன்று நாளாக அவருக்கு வேறு வேலையில்லை. காலை வெளிச்சத்தில் பார்த்தார், உச்சி வெயிலில் பார்த்தார், வாசல் விளக்கிலும் பார்த்தார். பெயிண்ட் வழிந்த தடம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று தேடினார். மனிதர் குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். மூன்று நாள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

இங்கே பட்டறையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கம்ப்ரஸர் ஓடும்போது அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. ஆகவே பெயிண்டர் பேசுவதில்லை, தட்டுவார். தகரமோ மேஜையோ கையில் கிடைத்ததைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால், இன்னொரு கோட் அடி. இரண்டு என்றால், தேறிவிட்டது. மூன்று, சாப்பிட வா. நாலு, நிறுத்து, கையை எடு. வேலை முடிந்த காரின் கூரையில் புறங்கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, மடக்கிய விரல் முட்டியால் அவர் தட்டும் அந்த இரண்டு தட்டுக்காக எத்தனையோ பேர் காத்து நின்றிருக்கிறார்கள்.

பதினோரு வருடத்தில் மகனுக்கு அது கிடைத்ததே இல்லை. அவனுக்கு எப்போதும் ஒன்றுதான்.

இன்று அவனுக்கு அந்த இரண்டைக் கொடுத்துவிட வேண்டும். பெயிண்டருக்கு இந்த நாளில் இருந்த ஒரே வேலை அதுதான். பேச்சு வேண்டாம், வலது கை வேண்டாம், இடது கை போதும். மூன்று நாளாக நாற்காலியின் கைப்பிடியில் இடது கையால் தட்டித் தட்டிப் பழகியிருந்தார். கைப்பிடியில் பஞ்சு வைத்துத் தைத்திருந்ததால் சத்தம் வராது. பழகுவதற்கு அது போதும் என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்கென்று தனியாக ஒரு மணி இருந்தது. பட்டறை மேஜைமேல் இருந்த மணிதான், தலையில் தட்டினால் டிங் என்னும். மகள் அதை ஜன்னல் விளிம்பில் வைத்து, பக்கத்துச் சுவரில் ஒரு தாளும் ஒட்டியிருந்தாள். 'ஒன்று - தண்ணீர். இரண்டு - பாத்ரூம். மூன்று - வலி.' அவள் பள்ளிக்கூட டீச்சர், அழகாக எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தாள். ஒரு மனிதனுக்கு அதற்குமேல் என்ன தேவைப்பட்டுவிடும் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. நாமாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்போம்.

*

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வந்தார். மகள் ஏதோ பயிற்சி வகுப்புக்காக வெளியூர் போயிருக்கிறாள். 'அம்மாவுக்கு ஒத்தாசையா இருங்க' என்று இவரை அனுப்பி வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருப்பவர். தங்கமான மனிதர். ஒத்தாசை என்று ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். அவர் வந்துபோன வீட்டில் குழாய் ஒழுகாது, ஆனால் கதவு மூடாது.

"அத்தை, மச்சான் வர்றப்போ கார் கண்ணாடி மாதிரி நிக்கணும். இன்னிக்கு அதை என்கிட்ட விட்டுடுங்க."

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை சிரமம்? இருக்கிறதே நல்லாத்தானே இருக்கு."

"மூணு நாள் தூசி அத்தை. ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டுக்குள்ள வரப்போறான். நம்ம பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டாமா?"

ஜன்னலுக்குள் பெயிண்டரின் முதுகு விறைத்தது. எதைப் போட்டுக் கழுவப் போகிறான்? பாத்திரம் தேய்க்கும் சோப்பா?

மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். "கைக்குழந்தைக்குப் போடுற ஷாம்பு அத்தை. கண்ணுகூட எரியாது. அப்புறம் பெயிண்டு எங்க எரியப்போகுது."

பெயிண்டர் மூச்சை விட்டார்.

மாப்பிள்ளை நன்றாகவே கழுவினார், பொய் சொல்லக்கூடாது. நிழல் விழும்வரை காத்திருந்தார். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். பழைய பருத்தித் துண்டை நனைத்து, மேலிருந்து கீழே, அழுத்தாமல் இழுத்தார். சக்கரத்தைக் கடைசியில், வேறு துணியால் துடைத்தார். பெயிண்டர் மனத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தார். தண்ணீர் வழிந்து இறங்க இறங்க, கரும்பச்சை குளத்தடி மாதிரி ஆழமாகத் தெரிந்தது.

'பய எப்படி அடிச்சிருக்கான்' என்று நினைத்தார். கண் கலங்கியது. பக்கவாதத்துக்கு அப்புறம் அவர் கண் எதற்கெடுத்தாலும் கலங்குகிறது, அதனால் யாரும் கவனிக்கவில்லை.

கழுவியாயிற்று. துடைத்தாயிற்று. அதோடு மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்து காபி குடித்திருந்தால் இந்த அத்தியாயம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அவர் பின்பக்கம் போனார். மூடிய பட்டறையின் சாமான்களைக் கட்டிப்போட்டிருந்த அறையில் என்னவோ உருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் அந்த டப்பா இருந்தது.

*

வட்டமான தகர டப்பா. அதை நமக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மகனை வீட்டைவிட்டு அனுப்பிய டப்பா.

கார் பெயிண்டைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது. பெயிண்டருக்கும் அவர் மகனுக்கும் அது அரிச்சுவடி, வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. புதுப் பெயிண்ட் மேலே காய்ந்துவிடும், உள்ளே காயாது. உள்ளே இருக்கும் தின்னர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேற இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை தண்ணீர் விட்டுக் கழுவலாம், மெழுகு மட்டும் ஆகாது. மெழுகு பூசுவது பெயிண்டின் வாயைப் பொத்துவது. உள்ளே இருப்பது வெளியே வர வழியில்லாமல் திணறும். பெயிண்ட் இளகும், வெயில் பட்டால் கொப்புளிக்கும்.

மகன் ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை? பெயிண்டர் வீட்டுக்கு வந்து 'மெழுகு போடாதீங்க' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அப்பா இருக்கிற வீட்டில் அதைச் சொல்வது மரியாதையாக இருக்காது என்று நினைத்தான்.

மாப்பிள்ளை ஜன்னலுக்கு நேரே வந்து டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

"மாமா, உங்க டப்பாவையே கண்டுபுடிச்சுட்டேன். மச்சான் இன்னிக்கு அசந்துடுவான்."

பெயிண்டர் வாயைத் திறந்தார். "ப்... ப்..." என்று வந்தது. இடது கை மணிக்குப் பாய்ந்தது.

டிங், டிங், டிங், டிங்.

"பாத்தீங்களா அத்தை? மாமாவுக்கு எவ்வளவு சந்தோஷம்" என்றார் மாப்பிள்ளை.

டிங், டிங், டிங், டிங்.

மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "என்னங்க? தண்ணியா?" தம்ளரை வாயருகே கொண்டுபோனாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "பாத்ரூமா? அதுவும் இல்லையா? எங்கயாவது வலிக்குதா?"

டிங், டிங், டிங், டிங்.

அவள் சுவரிலிருந்த தாளைப் பார்த்தாள். மேலிருந்து கீழே படித்தாள், கீழே இருந்த கோட்டையும் பார்த்தாள். "நாலுன்னு ஒண்ணு எழுதவே இல்லையேங்க."

முப்பத்தைந்து வருடத்தில் அவள் பட்டறைக்குள் பத்து தடவை போயிருந்தால் அதிகம். அந்த வாடை அவளுக்குத் தலைவலி. அங்கே என்ன தட்டினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வெளியே மாப்பிள்ளை டப்பாவின் மூடியைத் திறந்து, டப்பாமேல் எழுதியிருப்பதைப் படிக்க முயன்றுகொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் அல்லவா, லேபிள் படிக்காமல் எதையும் தொடமாட்டார். ஆனால் இந்த லேபிளில் படிக்க ஒன்றுமில்லை. பெயிண்டரின் பெயிண்ட் விரல்களே வருடக்கணக்கில் அப்பி அப்பி எல்லா எழுத்தையும் மூடியிருந்தன. 'மாமாவோடதுதானே' என்று துணியை உள்ளே தோய்த்தார்.

முதல் வட்டம் பானெட்டில் விழுந்தது.

பெயிண்டர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்.

"இருங்க, இருங்க. எழுதிக் காட்டுங்க" என்று மனைவி பழைய நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்தாள். எழுத்தும் பேச்சோடு சேர்ந்தே போயிருந்தது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். எழுத நினைத்தால் கோடு வரும், அவ்வளவுதான். ஆனால் படம் வரையலாமே? பெயிண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தார். கோணல் மாணலாக ஒரு கார் வந்தது. அதன்மேல் இரண்டு கோடு, குறுக்கும் நெடுக்கும்.

கூடாது என்கிறார். உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது.

மனைவி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கார், அதன்மேல் கூட்டல் குறி. அவள் முகம் வெளுத்தது.

"மாப்பிள்ளை, சீக்கிரம் வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்கறார்."

*

மாப்பிள்ளை துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எப்போதும் இருக்கும். கையில் கட்டி அமுக்கிப் பார்த்தார். ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்?

"பயப்படாதீங்க அத்தை. மச்சான் வர்றான்னு மாமா ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். டாக்டர் குடுத்த மாத்திரை இருக்குல்ல, அரை போடுங்க. கொஞ்ச நேரம் தூங்கட்டும்."

பெயிண்டர் வாயை இறுக்கி மூடினார். மனைவி கன்னத்தைத் தடவினாள். "எனக்காகங்க. சாயந்தரம் அவன் வர்றப்போ நீங்க நல்லா இருக்க வேணாமா? ரெண்டு வருஷமா இந்த ஒரு நாளுக்காகத்தானே காத்துட்டிருக்கேன்."

நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள். அவள் சொன்ன விதத்தில் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

கட்டிலில் கிடத்தினார்கள். மணி ஜன்னலிலேயே இருந்தது. தூக்கம் வந்து அழுத்துவதற்கு முன், வெளியே துணி தேய்க்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. சரக், சரக் என்று, அவசரமே இல்லாமல், மிகுந்த அக்கறையோடு தேய்த்துக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை.

அவர்மேல் யாரும் கோபப்படாதீர்கள். எனக்கு இந்தக் குடும்பத்தில் கோபமே வராத ஒரே ஆள் அவர்தான். வெறுப்பில் கெடுப்பவனைத் திட்டலாம், தள்ளி வைக்கலாம். அன்பில் கெடுப்பவரை என்ன செய்வது?

*

நாலரை மணிக்குப் பெயிண்டரை எழுப்பி, முகம் துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியோடு வாசலுக்கு, காரை ஒட்டித் தள்ளி வந்தார்கள்.

கார் மின்னியது. மின்னுவதைப் பார்த்து மனைவி வாயில் கை வைத்தாள். மாப்பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "கூரைக்கு மட்டும் வரல அத்தை. டப்பா காலி. மேலதானே, யாரு பாக்கப் போறா."

பெயிண்டர் பானெட்டைத்தான் பார்த்தார். மத்தியான வெயில் அந்தப் பக்கம் சாய்ந்து விழுந்திருந்தது. அது பட்ட இடத்தில் கடுகு கடுகாகக் கொப்புளம். மற்றவர்கள் கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மகன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கேட்டைத் திறந்தபோது அவன் முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. இரண்டு எட்டு வைத்தான், மூக்கைச் சுருக்கினான். வாடையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

காரைச் சுற்றி வந்தான். பானெட்டில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தி எடுத்தான். ரேகை அப்படியே பதிந்து நின்றது.

"யாரு மெழுகு போட்டது?"

"நான்தான் மச்சான். காலையிலேருந்து இதே வேலை. எப்படி இருக்கு?"

மகன் வாசல் திட்டில் இருந்த டப்பாவைப் பார்த்தான்.

"இது எப்படி வெளிய வந்துச்சு?"

"மாமாவோடது. எடுத்ததும் ஜன்னல்ல உக்காந்திருந்தவருக்குக் காட்டினேன். சந்தோஷத்துல மணியா அடிச்சுத் தள்ளிட்டார்."

மகன் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினான். இரண்டு வருடத்துக்கப்புறம் அவர் முகத்தைப் பார்க்கிறான். ஒரு பக்கம் தொங்கிய வாயை, ஒட்டிப்போன கன்னத்தைப் பார்க்கிறான். குரல் உயரவே இல்லை.

"ஒம்பது நாள் பெயிண்டுப்பா. உங்களுக்குத் தெரியாததா? ஜன்னல்ல உக்காந்து பாத்துட்டேதானே இருந்தீங்க."

"ப்... ப்..."

"அன்னிக்குக் கஸ்டமர் எதிர்ல. இன்னிக்கு அக்கா வீட்டுக்காரரை விட்டு மெழுகு போட வச்சிருக்கீங்க. நான் அடிச்சா அதுமேல நீங்க ஒரு கை போட்டாத்தான் ஆறுமா உங்களுக்கு?"

பெயிண்டரின் இடது கை காற்றில் மணியைத் தேடியது. மணி உள்ளே இருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. மனைவி குனிந்து துடைத்தாள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதடா. காலையிலேருந்தே அவருக்கு உடம்பு சரியில்ல. என்ன வேணும்னே புரியல. தண்ணி குடுத்தா வேணாம், பாத்ரூம் வேணாம். நாலு நாலா அடிச்சு என் உயிரை எடுத்துட்டார்."

மகன் அம்மாவைப் பார்த்தான். "எத்தனை?"

"நாலு. உங்க அக்கா எழுதின லிஸ்ட்டுல நாலே கிடையாது. நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

"எப்பலேருந்து அடிச்சார்?"

"மாப்பிள்ளை அந்த டப்பாவை எடுத்துட்டு வந்தாரே, அப்பலேருந்து."

மகன் அப்படியே முட்டி போட்டு நாற்காலிக்கு முன் உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கால்சட்டை எல்லாம் ஈரத் தரையில். "நாலாப்பா? நிறுத்தச் சொன்னீங்களா?"

பெயிண்டரின் கண்ணிலிருந்து கொட்டியது. இந்தத் தடவை அதை எல்லோரும் கவனித்தார்கள்.

மகன் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டான். மாப்பிள்ளைக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் லேபிள் படிக்காம ஒரு மாத்திரை குடுத்ததில்ல மச்சான். இதுல எழுத்தே இல்லடா."

"விடுங்க மாமா. நான் சொல்லியிருக்கணும்." மகன் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பெயிண்டர் வீடாச்சே, இங்க எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

"இப்ப என்னடா பண்றது?" என்றாள் அம்மா. "துடைச்சா போயிடுமா?"

"போகாதும்மா. தகரம் தெரியற வரைக்கும் தேய்ச்சு எடுத்துட்டு, மொதல்லேருந்து அடிக்கணும்." காரின் மேலே பார்த்தான். "கூரை மட்டும் தப்பிச்சிருக்கு."

*

கூரை என்றதும் பெயிண்டரின் தலை நிமிர்ந்தது.

அங்கே மெழுகு இல்லை. அங்கே மகன் அடித்தது மட்டும், அடித்தபடியே இருக்கிறது. காரின் கதவைத் தட்டினால் அது மெழுகைப் பாராட்டியதாகிவிடும். கூரையைத் தட்டலாம்.

இடது கையை உயர்த்தினார். கூரையை எட்ட முயன்றார். நாற்காலியில் உட்கார்ந்த கைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. தோளை இழுத்தார், கழுத்து நரம்பு புடைத்தது. அந்தச் சாண் குறையவில்லை.

மகன் அந்தக் கையையே பார்த்தான். அது எங்கே போகப் பார்க்கிறது என்று புரிந்தபோது அவன் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

"மாமா, அந்தப் பக்கம் பிடிங்க."

"வேண்டாண்டா, அவருக்குக் கால் நிக்காது. விழுந்துடுவார்."

"ஒரு நிமிஷம்மா."

அக்குளில் கை கொடுத்து இரண்டு பேரும் தூக்கினார்கள். நாலு மாதத்துக்கப்புறம் பெயிண்டர் நின்றார். கூரை அவர் கண்முன் வந்தது. இடது புறங்கையை அதன்மேல் வைத்து, மெல்ல, ஒரு கோடியிலிருந்து எட்டும்வரை ஓட்டினார். தடங்கல் இல்லை. பொடி இல்லை. எண்ணெய் மாதிரி ஓடியது கை.

விரலை மடக்கினார்.

டொக்.

மறு தட்டுக்குக் கை எழும்போதே வலது முட்டி மடிந்தது. உடம்பு மொத்தமாகச் சரிந்தது. மாப்பிள்ளை கையில் இன்னும் மெழுகு வழுக்கல், பிடி நழுவியது. "ஐயோ" என்று மனைவி நாற்காலியை உந்திக்கொண்டு வந்தாள். எப்படியோ தாங்கி, எப்படியோ உட்கார வைத்துவிட்டார்கள். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்திருந்தது. அடி ஒன்றும் இல்லை.

"போதும்டா. நல்லா இருப்பே, இனிமே அவரைத் தூக்காதே" என்றாள் அம்மா.

மகன் கூரைமேல் கை வைத்துக்கொண்டு, திரும்பாமல் நின்றான்.

"ஒண்ணு" என்றான். குரலில் கோபம் இல்லை. "பதினோரு வருஷமாக் கேட்டதுதானே. சரிப்பா, இன்னொரு கோட் அடிச்சுடறேன்."

பெயிண்டர் தலையை ஆட்டினார். அது ஆமென்று ஆடியதா இல்லையென்று ஆடியதா, யாருக்கும் தெரியவில்லை. நாலு மாதமாகவே அப்படித்தான் ஆடுகிறது.

மகன் அம்மாவிடம் சாவியை வாங்கிக்கொண்டான். இருட்டுவதற்குள், இடம் கொடுத்தவரின் பட்டறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றான். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான். சாவியின் முதல் திருகலிலேயே கார் உயிர் பிடித்தது. மாப்பிள்ளை ஓடிப்போய் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். மனைவி காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெயிண்டரை யாரும் பார்க்கவில்லை. அவர் இடது கையை மடக்கி, நாற்காலியின் கைப்பிடியில் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இரண்டு. கார் கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பும்வரை தட்டினார்.

கைப்பிடியில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. அதில் சத்தம் வராது.